செத்த எலி நடக்காது

செத்த எலி நடக்காது. எனக்கு இது ஒன்றுதான் இடிக்கிறது. மற்றதெல்லாம் கணக்கு, மற்றதெல்லாம் சரி. நாளைக்குத் திங்கட்கிழமை, பத்தரை மணிக்கு அப்பா அந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போவார், சீட்டுப் பணமும் பிஸ்கட் டின்னில் சேர்த்த பணமுமாக ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்தைக் கட்டுவார், இன்னும் ஒன்பது வருடம் ஓட வேண்டிய வீட்டுக் கடன் அந்த நிமிடமே முடிந்துபோகும், பதினைந்து நாளில் மூலப் பத்திரம் கைக்கு வரும், ஆவடி தாண்டி இரண்டாவது மாடியில் இந்த அறுநூற்று இருபது சதுர அடி எங்களுடையது ஆகும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நேற்றுக் காலை அடுக்களையில் இருந்த நாற்றம் மதியம் ஹாலுக்கு வந்து, சாயங்காலம் பால்கனிக்குப் போய், விளக்கு வைத்த பிறகு மறுபடி ஹாலில் மின்விசிறிக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொண்டதே, அது எப்படி? பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று படுக்கையறைப் பரணுக்குள் தலையை விட்டிருக்கிறேன், வாயில் டார்ச், மூக்கில் தூசி, இங்கே நாற்றமே இல்லை, பழைய தலையணைப் பஞ்சின் புழுக்க வாசனை மட்டும். இரண்டு எலியாக இருக்கும் என்கிறார் அப்பா. மூன்று என்றே வைத்துக்கொள்வோம், மூன்றும் முறை வைத்துக்கொண்டு நாறுமா, ஒன்றுக்கு ஷிப்ட் முடிந்ததும் அடுத்தது கையெழுத்துப் போட்டு உள்ளே வருமா? "பத்திரம் வர்றதுக்கு முன்னாடியே குடித்தனம் வந்துருச்சு பாரு சிந்து, அதுகிட்ட அட்வான்ஸ் வாங்கிருக்கணும், இன்னும் சீக்கிரமே கடனை முடிச்சிருக்கலாம்" என்று ஹாலிலிருந்து குரல் கொடுக்கிறார். முப்பத்தோரு வருடம் லிப்ட் பழுதுபார்த்தவர், லிப்ட் இல்லாத கட்டடத்தில் வீடு வாங்கியவர், இதையும் அவரே சொல்லிச் சிரிப்பார். நேற்றிலிருந்து அவருக்கு எல்லாமே சிரிப்பாக இருக்கிறது. வெள்ளைச் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டுவிட்டார்.

இந்தக் கடன் அடைப்பை ஆரம்பித்து வைத்தவள் நான், மறுக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய கடன் அறிக்கையைச் சும்மா புரட்டினேன். ஒன்பது வருடம், மாதம் பதினாறாயிரத்துச் சொச்சம், பதினேழரை லட்சம் கட்டியிருக்கிறார் மனிதர், வாங்கிய பதினெட்டில் குறைந்திருந்தது நாலரை. "அப்பா, மிச்சப் பதிமூணு லட்சம் யார் வீட்டுக்குப் போச்சு?" "வட்டிம்மா" என்றார், மழைம்மா என்பதுபோல. மழையா அது? லிப்ட் குழிக்குள் இறங்கி கிரீஸில் குளித்துச் சம்பாதித்ததை ஒருத்தர் வழித்துக்கொண்டு போவார், இவர் குடை இல்லாதவர்போல நின்றுகொண்டிருப்பார். அன்றைக்கு நான் கத்திய கத்தலில் கீழ்வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். கேட்கட்டும். பி.எஃப். பணத்தில் கை வைக்கச் சொன்னது நான், அம்மாவின் சங்கிலியையும் இரண்டு வளையலையும் விற்கச் சொன்னது நான், என் ஆராய்ச்சி உதவித்தொகையில் பாதியைக் கொடுத்தது நான், மாதச் செலவைக் கவர் கவராகப் பிரித்ததும் நான். கவர் மட்டும் அம்மாவுடையது. கல்யாணங்களுக்கு வாங்கி மீந்துபோன மொய்க் கவர் கட்டு ஒன்று பீரோவில் இருந்தது, மஞ்சள் நிறம், மேலே ஒரு ரூபாய் காசு ஒட்டியது. அந்த ஒரு ரூபாயையும் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று அப்பாவோடு அரை மணி நேரம் வாதாடினேன். சேர்ப்பதில்லை என்று முடிவானது. மளிகை, கரண்ட், பஸ், அப்பாவின் டீ, பால், மருந்து. மாதக் கடைசியில் எந்தக் கவரில் என்ன மிஞ்சுகிறதோ அது பிஸ்கட் டின்னுக்கு. டின் நிரம்பினால் வங்கிக்கு. கவருக்கு ஒரு பொறுப்பாளர், பாலுக்கும் மருந்துக்கும் அம்மா. அதிகம் மிச்சம் பிடித்தவர் ஞாயிற்றுக்கிழமை என்ன சமையல் என்று சொல்லலாம், இந்தப் போட்டியும் என் மூளைதான், விளையாட்டாக இருந்தால் யாரும் சோர்ந்துபோக மாட்டார்கள் என்று நினைத்தேன். அப்பாவின் டீக் கவரில் நாற்பது ரூபாயைத் தாண்டி மிஞ்சியதில்லை. அம்மாதான் எப்போதும் ஜெயித்தாள். நானூறு, எழுநூறு, ஆயிரத்து நூறு. "பாருங்கப்பா, பாத்துக் கத்துக்குங்க, இது குடும்பத் தலைவி!" என்று கவரை உயர்த்திக் காட்டுவேன், அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், என்ன சமையல் வேண்டும் என்றால் வஞ்சிரம் வறுவல் என்பாள், வஞ்சிரம் எனக்குத்தான் பிடிக்கும், அவளுக்கு மீனே ஆகாது. ஜெயித்தவளே எழுந்து போய் வறுப்பாள். அதை நான் கவனித்தேன். கவனித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

பரணில் எலி இல்லை. இறங்குகிறேன். வீடு இரண்டு நாளில் எப்படியோ ஆகிவிட்டது, பேசினால் எதிரொலிக்கிறது. எலி தேடுகிற சாக்கில் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டேன், ஒரு வருடமாகக் கை படாத பொருள் வீட்டில் இருக்கக் கூடாது என்பது என் சட்டம். அன்பளிப்பு அன்பளிப்பு என்று பேர் வெட்டிய பதினாலு எவர்சில்வர் தட்டு, மூடி தொலைந்த டிபன் டப்பாக்கள், அப்பா சேர்த்துவைத்த லிப்ட் ஸ்பிரிங் ஒரு வாளி, என் ஏழாம் வகுப்புப் பாடப் புத்தகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கு, ஒவ்வொன்றிலும் நான் ஜெயித்தேன். அம்மா ஒன்றே ஒன்றுக்குத்தான் விட்டுக்கொடுக்கவில்லை, நைந்துபோன ஒரு பருத்திப் புடவை. "துடைக்கத் துணி வேணும்டி" என்றாள். பாதியை ஏற்கெனவே நீளநீளமாகக் கிழித்து வைத்திருந்தாள். துடைக்கிற துணியை யாராவது அவ்வளவு நேர்த்தியாக, ஒரே அகலத்துக்குக் கிழிப்பார்களா? சரி, அம்மாவுக்கு எல்லாமே நேர்த்தியாக இருக்க வேண்டும். பழைய பேப்பர் சம்சுதீன் பாய் நேற்று நாலு நடை ஏறி இறங்கினார். "என்ன பாப்பா, வீட்டையே எடைக்குப் போட்டுருவீங்கபோல" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சினார். எலி என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டார். ஒன்பது. தராசைக் கீழே வைத்துவிட்டார். "எலினா மூணு நாளும்மா, ரொம்பப் போனா நாலு. அப்புறம் காஞ்சிரும். ஒன்பது நாளைக்கு எலி தாங்காது." "பெருச்சாளியா இருக்கும் பாய்." "பெருச்சாளி ரெண்டாவது மாடிக்கு எப்படிம்மா வந்துச்சு, உங்க அப்பா லிப்ட் போட்டுக் குடுத்தாரா?" அப்பாவுக்கு அந்த நகைச்சுவை பிடித்துப்போய் பாய் குறைத்துக் கொடுத்த முப்பது ரூபாயைக் கேட்காமல் விட்டுவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, முப்பது ரூபாய்க்கு இல்லை, ஒருத்தர் என் விளக்கத்தை இரண்டு வார்த்தையில் தட்டிவிட்டாரே என்று. அம்மா அப்போது அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "பாய்க்குத் தண்ணி குடு சிந்து" என்றாள். வழக்கமாக அவளே கொண்டுவந்து கொடுப்பாள்.

என்னை யாரும் வாதத்தில் ஜெயித்ததில்லை, பல்கலைக்கழகத்தில் கேட்டுப்பாருங்கள். எம்.ஏ. கடைசி வருடம் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கடனை அடைத்தது ஒரு குடும்பம் என்று எல்லாரும் எழுதுகிறார்களே, யார் வாய், யார் வயிறு என்று எழுதினார்களா என்பதுதான் முதல் வரி. குடும்பம் என்பது ஓர் ஆள் கிடையாது, மிச்சம் என்பது வானத்திலிருந்து விழுவது கிடையாது, ஒரு வீட்டில் மிச்சம் வந்தால் அது யாரிடமிருந்து வந்தது என்று கேளுங்கள், பெரும்பாலும் பதில் சொல்லாத ஆளிடமிருந்துதான் வந்திருக்கும். வகுப்பில் ஒருவன் எழுந்து, "எல்லா வீட்டிலயும் அப்படி இல்ல, எங்க அம்மா சந்தோஷமா இருக்காங்க" என்றான். "நீ கேட்டியா?" என்றேன். வகுப்பே கை தட்டியது. பேராசிரியை அந்தக் கட்டுரையை ஜூனியர்களுக்குப் பாடமாக நகலெடுத்துக் கொடுத்தார். அதன் ஒரு பிரதி நேற்று பாயின் கோணிக்குள் போயிற்று, ஒரு வருடமாகக் கை படவில்லை. ஏன் இதெல்லாம் இப்போது ஞாபகம் வருகிறது, எலியைப் பற்றி அல்லவா யோசித்துக்கொண்டிருந்தேன்? காலையில் அடுக்களை, மதியம் ஹால், சாயங்காலம் துணி எடுக்கிற நேரத்தில் பால்கனி. காற்று திசை மாறுகிறது என்று முதலில் சொன்னேன். காற்றே இல்லாத மே மாதம் இது. ஷோகேஸ் பார்த்தாயிற்று, வாஷிங் மெஷினை நகர்த்திப் பார்த்தாயிற்று, மிச்சம் இருப்பது அடுக்களை மட்டும். அங்கே நான் போய் நிற்கும்போது அம்மா ஈரத்துணி வாளியோடு பால்கனிக்குப் போகிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் பழைய காக்கி சாக்ஸைப் போட்டுக்கொண்டு. பதினைந்து நாளாக அந்த சாக்ஸ். "பித்தவெடிப்புடி, தைலம் போட்டுருக்கேன், தரையெல்லாம் ஆயிரும்." கிழிந்த சாக்ஸ் வீட்டுக்கு எதற்கு, எடைக்குப் போடு என்று அதற்கும் சண்டை போட்டேன். அவள் பதிலே பேசவில்லை, நான் ஜெயித்ததாக எடுத்துக்கொண்டேன், மறுநாளும் சாக்ஸ் இருந்தது.

அடுக்களையில் நாற்றம் குறைகிறது. நான் எதையும் செய்யவில்லை. சிலிண்டரைக்கூட நகர்த்தவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் வாசலில் நின்றபோது குமட்டிய இடம், இப்போது உருண்டைக் குழம்பு கொதிக்கிற வாசனை மட்டும், மேலே லேசாகப் பெருங்காயம். பால்கனியில் கொடிக்கயிறு கிறீச்சிடுகிறது. செத்த எலி நடக்காது. நடக்காது என்றால் நடக்காது. நான் கதவுக்குப் பின்னால் பார்க்கிறேன், எலி கதவுக்குப் பின்னால்தான் செத்துக் கிடக்கும், எலி இல்லை, ஆணியில் பில் கம்பி தொங்குகிறது. இதை மறந்தே போனேன். மளிகைப் பில், கரண்ட் ரசீது, எல்லாவற்றையும் அம்மா இந்தக் கொக்கிக் கம்பியில் குத்தித்தான் வைப்பாள், நான் செல்போனில் கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னால் சிரிப்பாள். இதுவும் எடைக்குத்தான். உருவ ஆரம்பிக்கிறேன். கம்பியில் புதியது மேலே, பழையது கீழே. மருந்துக்கடைப் பில்லுக்கு மட்டும் மெல்லிய வழவழத் தாள், எழுத்து அழிய ஆரம்பித்திருக்கிறது. சர்க்கரை மாத்திரை, இருபது. அதற்குக் கீழே போன மாதத்துக்கு முந்தின மாதம், இருபது. பிறகு இருபது. பிறகு முப்பது. முப்பது. முப்பது. நாற்பது. கம்பியின் அடியில், கவர்கள் வருவதற்கு முந்தைய மாதங்கள், அறுபது, அறுபது, அறுபது, அறுபது. அம்மாவுக்குக் காலையில் ஒன்று ராத்திரி ஒன்று, மாதத்துக்கு அறுபது, எனக்குத் தெரியும், கவருக்குப் பணம் ஒதுக்கியதே நான். பால் கவரில் எந்த மாதமும் ஐந்து ரூபாய் மிஞ்சியதில்லை. நானூறும் எழுநூறும் ஆயிரத்து நூறும் மருந்துக் கவரிலிருந்துதான் வந்தன. மாத்திரையில் எப்படி மிச்சம் பிடிக்க முடியும்? இரண்டு பேர் இருந்தோம், ஒரு பொருளாதார ஆராய்ச்சி மாணவி, முப்பத்தோரு வருடம் ஒரு திருகு குறைந்தால் கண்டுபிடித்த மெக்கானிக், மாத்திரையில் மிச்சம் வருமா என்று ஒருத்தர் கேட்கவில்லை. கை தட்டினோம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சீட்டு இருந்திருக்கிறது. நான்தான் அதை முதலில் உருவிக் கரண்ட் ரசீதோடு சேர்த்துக் கீழே போட்டிருக்கிறேன். தெருமுனை டாக்டரின் சீட்டு, மூன்று வாரம் முந்தைய தேதி. அம்மாவின் பேர், தவமணி, ஐம்பத்து மூன்று. இடது கால், இரண்டாவது விரல், மூன்றாவது விரல். அழுகல் என்பதற்கான ஆங்கில வார்த்தை, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதற்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரி, அறுவை டாக்டர், உடனே, உடனே என்பதற்கு இரண்டு கோடு. ஒருவேளை அந்தக் கேள்விக்குறி, ஒருவேளை, இல்லை, மூன்று வாரத்துக்கு முன்னால் அது கேள்வி. பத்து நாளாக நாங்கள் பதிலை மூக்கால் இழுத்துக்கொண்டிருக்கிறோம். சீட்டை ஒளித்து வைக்கக்கூடத் தெரியவில்லை இவளுக்கு, பில்லோடு பில்லாகக் குத்தி வைத்திருக்கிறாள், வீட்டுக்கு வந்த காகிதம் கம்பிக்குப் போக வேண்டும் அவ்வளவுதான். ஒளிக்கத் தேவையும் இல்லை. நாங்கள் யார் கம்பியைப் பார்க்கிறவர்கள்? பரணில் தேடினோம். அவளும் கூடவே தேடினாள், அதுதான் என்னால், வியாழக்கிழமை கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்து, "இங்கயும் இல்லடி" என்றாளே, அந்தக் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லையே. பால்கனிக் கதவு சாத்துகிற சத்தம். சுவரை உரசிக்கொண்டு வருகிற வளையல் சத்தம், கண்ணாடி வளையல், தங்கத்துக்குச் சத்தம் வேறு. அவள் வருவதற்கு முன்னால் அது வருகிறது, அவளுக்கு இரண்டடி முன்னால், வாசலைத் தாண்டி, குழம்பு வாசனையை அமுக்கிக்கொண்டு. கண்ணை மூடிக்கொண்டால் யார் வருகிறார்கள் என்று இனிமேல் எனக்கு எப்போதும் தெரியும்.

"கெடச்சுதாடி?" என்றாள் அம்மா. என் கையில் கம்பியைப் பார்த்தாள். தரையில் பில்களைப் பார்த்தாள். அடுப்பைக் குறைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள், இடது காலை வலது காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கிழிந்த பாவாடையை மறைக்கிற பிள்ளைபோல.

நான் தரையில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினேன். உள்ளே நேர்த்தியாக, ஒரே அகலத்தில், பருத்திப் புடவை. நீல நிறம், ஓரத்தில் சின்ன மாங்காய். சுற்றுச் சுற்றாக அவிழ்த்தேன். கடைசிச் சுற்று வரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது.

"வலிக்குதாம்மா?"

"எதுக்கு?"

"இப்ப தொட்டேனே."

"எங்க தொட்ட?" என்றாள். அவளுக்குத் தெரியவில்லை. கணுக்காலுக்கு மேலே வந்தபோதுதான் "ஆமா, அங்க" என்றாள்.

"ஏம்மா?" என்றேன். இவ்வளவு படித்து எனக்குக் கிடைத்த கேள்வி இதுதான்.

"முதல்ல பாதிப் பாதியா போட்டேன், ஒண்ணும் ஆகல. சரி, நல்லாத்தானே இருக்கோம்னு விட்டுட்டேன். நீ ஒவ்வொரு மாசமும் கவரைத் தூக்கிக் காட்டுறப்போ..." சிரிப்பதற்கு முந்தானையைத் தூக்கியவள் பாதியில் கீழே விட்டாள். "எனக்கு எதுலடி பரிசு குடுத்தாங்க இதுக்கு முன்னாடி?"

"இப்பவே போகலாம், ஆட்டோ கூப்பிடுறேன். டின்னை எடுத்துக்கலாம், பணம் இருக்கு, பேங்க்கு அப்புறம் போயிக்கலாம்."

"ஞாயித்துக்கிழமை எந்த டாக்டர்டி இருப்பாரு? நாளைக்குப் பேங்க்க முடிச்சிட்டு, மத்தியானமா போலாம். இல்ல செவ்வாக்கிழமை. ஒரு நாள் தள்ளினா நாப்பத்தஞ்சு ரூவா வட்டின்னு நீதானே சொன்ன?"

நான்தான் சொன்னேன். வகுத்து, பெருக்கி, ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து ரூபாய், அம்மாவுக்குப் புரியட்டும் என்று ஒரு நாள் பாலும் தயிரும் என்று விளக்கினேன். புரிந்துகொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் டாக்டர் இருப்பார், பெரிய ஆஸ்பத்திரியில் எல்லா நாளும் இருப்பார்கள், இதைச் சொல்லலாம், இதற்கு ஆதாரம் காட்டலாம். ஆனால் அதற்குப் பிறகு வருகிற வாக்கியம், அங்கே போனதும் அவர்கள் சொல்லப்போகிற வாக்கியம், இரண்டு விரலா, பாதமா, அதற்கும் மேலேயா, அதை எதை வைத்து எதிர்த்துப் பேசுவேன்? கடனை முன்னதாக அடைக்கலாம். இதற்கு முன்னதாக என்று ஒன்று இருந்தது, ஆறு மாதத்துக்கு முன்னால், ஒரு வருடத்துக்கு முன்னால், மருந்துக் கவரில் முதல் நானூறு மிஞ்சிய அன்றைக்கு.

"என்ன சிந்து, எலி கெடச்சுதா?" ஹாலிலிருந்து அப்பா.

எனக்கு முன்னால் அம்மா பதில் சொன்னாள். "கெடச்சுருச்சுங்க. தூக்கிப் போட்டாச்சு."

"அப்பாடா. எம்மாம் பெருசு?"

"சின்னதுதாங்க."

"ஆனா இன்னும் அடிக்குதே?"

"ரெண்டு நாள் அப்படித்தாங்க இருக்கும். அப்புறம் போயிரும்."

"இரு, ஊதுவத்தி கொண்டாரேன். நாளைக்கு நல்ல காரியத்துக்குப் போறப்ப வீடு இப்படியா இருக்கிறது?" நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம், ஒழிந்து கிடக்கும் வீட்டில் ஒவ்வொரு அடியும் இரண்டு முறை கேட்டது. அம்மா அவசரமாகக் குனிந்து துணியைச் சுற்றப் பார்த்தாள், முனை கிடைக்கவில்லை.

"விடுடி, அப்பா வர்றாரு" என்றாள் மெதுவாக. "சிந்து. கால விடு."

நான் விடவில்லை.